சங்கரலிங்கம் அண்ணன் முடிக்காத வாக்கியம்

வடிவு டீச்சர் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். பழைய வினாத்தாளின் பின்பக்கம் அது. கரும்பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்தில், கோணல் இல்லாமல், ஒரே ஒரு சொல் இருந்தது. ‘தோக்கரோதே.’

“இது பொம்பளப் பேரா?” என்று கேட்டார்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. வாசலில் அவர் சாத்தி வைத்த குடையிலிருந்து தண்ணீர் வடிந்து என் செருப்பில் தேங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் முன்பு வரை அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. வள்ளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கிறார், பெயர் சண்முகவடிவு. இவ்வளவுதான் சொல்லியிருந்தார். அதற்குள் இந்தக் கேள்வி.

“யாரு சொன்னது இத?” என்றேன்.

“எங்க வீட்டுல இவிய. ஒரு நாளைக்கு இருபது தரம் சொல்லுதாவ. வேற பேச்சே கெடையாது. யாரையோ கூப்பிடுத மாரில்லா இருக்கு.”

அப்புறம் விஷயத்தைச் சொன்னார். கணவர் சங்கரலிங்கம் இருபது வருடமாக ஜப்பானில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். இரண்டு வாரம் லீவில் வந்தவர், நாலாம் நாள் காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோதே கண்ணாடி முன்னால் சரிந்துவிட்டார். மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் தளர்ந்துபோயின. பேச்சும் போனது. ஒரு வாரம் கழித்து வாயிலிருந்து ஏதோ சத்தம் வர ஆரம்பித்தது. மூளையில் அடிபட்டவர்கள் பொருளில்லாத ஒலிகளைச் சொல்வதுண்டு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

“ஆனா அது சும்மா சத்தம் இல்ல. அவிய கூட வேல பாக்கவங்ககிட்ட போன்ல பேசுத பேச்சு அது. எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனா ராகம் தெரியும்லா?” என்றார். “மருந்துக் கடையில சொல்லிப் புலம்பினேன். ‘அந்தத் தெருவுல ஒரு ஜப்பான்காரி இருக்காவ, போய்க் கேளுங்க’ன்னாவ.”

ஜப்பான்காரி நான்தான்.

அவர் குரல் மாறவில்லை. கணக்குப் பாடம் சொல்லுகிற அதே சீரில் தொடர்ந்தார். “ஒங்ககிட்ட ஒளிக்கதுக்கு என்ன இருக்கு. இருபது வருசம் தனியா இருந்த ஆம்பள. அங்கன ஒருத்தி இருந்தா இருந்துட்டுப் போறா. அவ பேரு தெரிஞ்சாப் போதும். வரச் சொல்லி ஒரு தகவல் குடுத்திருவோம். அவளப் பாத்தாலாவது இவியளுக்குப் பேச்சு வருதான்னு பாப்போம்.”

ஜப்பானிய மொழியிலிருந்து எத்தனையோ வாக்கியங்களை மொழிபெயர்த்து வயிறு வளர்க்கிறவள் நான். அந்தத் தாளை இன்னொரு தரம் வாசித்தேன்.

“டீச்சர், இது பேரு இல்ல,” என்றேன். “இது இலக்கணம்.”

“இலக்கணமா?” என்றார். நிம்மதியா, ஏமாற்றமா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு இடமும் ஒரு வேற்றுமை உருபும்

நான் ஜப்பானியக் கதைகளையோ கவிதைகளையோ மொழிபெயர்க்கிறவள் அல்ல. நூல் சுற்றும் இயந்திரம், தண்ணீர் பம்பு, பாக்கெட் ஒட்டும் இயந்திரம், இவற்றோடு வரும் புத்தகங்களை மொழிபெயர்க்கிறேன். ‘மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்’ என்பதை எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. என் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் எப்போதும் ஏதாவது ஓர் இயந்திரத்தின் படம் விரிந்து கிடக்கும்.

இந்த மொழியைப் படித்தது சென்னையில், கல்யாணத்துக்கு முந்திய காலத்தில். எங்களுக்குப் பாடம் எடுத்தவள் என் வயதே இருந்த ஒரு ஜப்பானியப் பெண். மெரினாவில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு அழுதுகொண்டே இன்னொன்று கேட்பாள். அவள்தான் ஒருநாள் இந்த ‘தோகோரோதே’யைப் பலகையில் எழுதினாள். டீச்சர் எழுதியதில் ஓர் எழுத்துத்தான் பிசகு.

தோகோரோ என்றால் இடம். தே என்பது நம் ‘இல்’ உருபு மாதிரி. இரண்டும் சேர்ந்தால் ‘இடத்தில்’. இதற்கு முன்னால் இறந்தகால வினை ஒன்றை வைக்க வேண்டும். ‘போன இடத்தில்’, ‘கேட்ட இடத்தில்’ என்று ஆகிறது. ஆனால் பொருள் அதுவல்ல. போனாலும் பயனில்லை, கேட்டாலும் நடக்காது என்று பொருள்.

எனக்கு முதலில் இது பிடிபடவே இல்லை. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, கதவு வரைக்கும் நடந்துபோய், அங்கே நின்று, திரும்பி வகுப்பைப் பார்த்தாள். “போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். போன இடத்தில் நிற்கிறேன். நின்று பார்க்கிறேன். எதுவும் மாறவில்லை. அதுதான்,” என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்மூரில் ‘போயி என்னத்துக்கு?’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுவிடுவோம். இவர்கள் என்னவென்றால், மனதைக் கையைப் பிடித்து அந்த இடம் வரைக்கும் கூட்டிப்போய் நிறுத்தி, பார்த்துக்கொள், இங்கே ஒன்றும் இல்லை என்று காட்டித் திருப்பி அழைத்துவருகிறார்கள். நம்பிக்கையின்மைக்குக்கூட எவ்வளவு மரியாதை!

சிலிர்த்தாலும் பரீட்சையில் அந்தக் கேள்வியில்தான் கோட்டைவிட்டேன். தோகோரோதேக்குப் பின்னால் நடந்து முடிந்த ஒரு செய்தியைப் போட்டுவிட்டேன். அப்படிப் போடக் கூடாதாம். ஏன் என்று போய்க் கேட்டேன். “இதைச் சொல்கிறவள் இன்னும் கதவைத் தாண்டவே இல்லை, கோமதி. எதுவும் நடக்கவில்லை. நடந்தால் என்ன ஆகும் என்று அவளாக முடிவுகட்டிவிட்டாள், அவ்வளவுதான்,” என்றாள்.

அந்தப் பதில் அப்போது எனக்கு வெறும் விதியாகத்தான் பட்டது. ஒரு மதிப்பெண்ணுக்கான விதி.

முதல் சந்திப்பு

மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கட்டிலின் தலைமாட்டைச் சுவரோடு சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஐம்பது வயது தாண்டிய மனிதர், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ ஒழுங்காகச் சவரம் செய்துவிட்டிருந்தார்கள். இடது கை மட்டும் போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது.

அவருக்கு வலப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் மகள் அபிராமி இருந்தாள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பெண். இடப்பக்கத்து நாற்காலி டீச்சருக்கு.

நான் அவர் எதிரில் நின்று, ஜப்பானிய மொழியில், “சங்கரு சான், நான் பேசுவது கேட்கிறதா?” என்றேன். அவர்கள் வாயில் நம் பெயர் அப்படித்தான் வரும்; சான் என்பது மரியாதைக்கு.

போர்வையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? லிஃப்ட் நடுவில் நின்று இருட்டில் அடைபட்டவருக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும்? அவர் கண் நிறைந்து வழிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது.

சொற்கள் ஒன்று இரண்டாக வந்தன. தண்ணீர், வலி, சூடு, வேண்டாம். எல்லாம் ஜப்பானிய மொழியில். தமிழ் அவர் காதுக்குள் போகிறது, புரிகிறது. ஆனால் திரும்பி வெளியே வர வழியில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் பிற்பாடு கேட்டபோது, இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு இப்படி ஆவதுண்டு என்றார். கடைசியாகத் தினமும் புழங்கிய மொழி சிலருக்கு முதலில் திரும்பும், சிலருக்குத் தாய்மொழி திரும்பும், ஏன் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது என்றார்.

எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம் வேறு. அம்மா என்ற சொல்லைக்கூட எடுத்துத் தர முடியாத ஒரு மூளை, நான் பரீட்சையில் கோட்டைவிட்ட அந்த வடிவத்தை ஒரு பிசகும் இல்லாமல் கட்டுகிறது. இறந்தகாலம், பிறகு இடம், பிறகு உருபு. மூன்றும் வரிசை மாறாமல் வந்தன.

“இத்தா தோகோரோதே…” என்பார். ‘இத்தா’ டீச்சர் காதில் விழாமல் போயிருக்கிறது. அதோடு நின்றுவிடும். ஜப்பானியர்கள் பலரும் அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிடுவார்கள். மிச்சம் கேட்கிறவருக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம்

தினமும் காலையில் ஜெபராஜ் வருவார். பிசியோதெரபி படித்தவர், சமாதானபுரத்துக்காரர், முப்பது வயதிருக்கும். கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்தி, “அண்ணாச்சி, பைய காலை ஊணுங்க. அந்தக் கதவு வரைக்கும் போயிட்டு வந்திருவோம்,” என்பார்.

சங்கரலிங்கம் அண்ணன் கதவைப் பார்ப்பார். நெற்றி சுருங்கும். “இத்தா தோகோரோதே…”

“என்ன சொல்லுதாவ?” என்று மூன்று பேரும் என்னைப் பார்ப்பார்கள்.

“போயி என்னத்துக்குன்னு சொல்லுதாவ,” என்பேன்.

இத்தா என்றால் போனான், போனேன் என்று பொருள். போன இடத்தில். போனாலும் பயனில்லை. கதவு வரைக்கும் போக மாட்டேன் என்கிற மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் உண்டா?

ஜெபராஜ் விடமாட்டார். “மனசு விட்டிரக் கூடாது அண்ணாச்சி,” என்று இழுப்பார். நானும் ஜப்பானிய மொழியில் உற்சாகம் ஊட்டுவேன். நாலு எட்டு வைப்பார். வலது தோள் கதவு நிலையில் போய் இடிக்கும். ஒருநாள் தலையே இடித்துப் புடைத்துவிட்டது. கட்டிலுக்குத் திரும்பியதும் கண்ணை மூடிக்கொள்வார்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். இட்லித் தட்டில் பாதியைச் சாப்பிடுவார். மிச்சத்தைத் தொடமாட்டார். “எள்ளுப்பொடின்னா உயிரை விடுவாவ. இப்போ ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்காவ,” என்று டீச்சர் தட்டை எடுத்துப்போவார். வாழ்க்கையை வெறுத்த மனிதர் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவுக்கு மொழி ஆதாரம் கொடுத்தவள் நான்.

ஒருநாள் அடுக்களையில் கருப்பட்டிக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அபிராமியிடம் டம்ளரை வாங்கப் போனேன். முகம் கழுவியிருந்தாள், ஆனாலும் அழுதது தெரிந்தது.

“ஒங்கள ஒண்ணு கேக்கணும் அத்தை. அப்பா என்னையப் பத்தி எதாவது சொன்னாவளா?”

“ஏன் கேக்க?”

“என்னையப் பாக்கவே மாட்டேங்காவ. காலேஜுக்குக்கூட போவாம பக்கத்துலயே இருக்கேன். கையப் புடிச்சா அந்தக் கைக்கு உணர்ச்சி இல்ல, சரி. மொகத்தையாவது பாக்கலாம்லா? அம்மாவப் பாக்காவ. ஒங்களப் பாக்காவ. அந்த ஜெபராஜ் அண்ணனப் பாக்காவ.” அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் பொறந்த வருசத்துல போனாவ. ரெண்டு வருசத்துக்கு ஒரு மட்டம் வருவாவ. மொத்தம் கூட்டினா நான் அவியகூட ஒரு வருசம் இருந்திருப்பேனா? மறந்திருக்கும். ஜப்பான் ஞாபகம் இருக்கு, நான் இல்ல.”

அவளுக்கு நான் என்னவோ ஆறுதல் சொன்னேன். நோய், மூளை, கொஞ்சம் பொறு என்கிற மாதிரி. அவள் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று எனக்கும் தெரிந்தது.

கேட்டுக்கு வெளியே

அந்த வார வெள்ளிக்கிழமை. நடைப்பயிற்சி முடிந்து, ஜெபராஜ் போய், நானும் கிளம்பிவிட்டேன். முன்னறையைத் தாண்டும்போது அண்ணன் குரல் கேட்டது. வழக்கத்தைவிடச் சத்தமாக, எரிச்சலோடு.

“இத்தா தோகோரோதே, வகரான்!”

வகரான் என்றால் புரியாது, விளங்காது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து கேட்டைச் சாத்தினேன். தெருவில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

போனாலும் புரியாது. இது என்ன வாக்கியம்? போனாலும் பயனில்லை, சரி. போனாலும் நடக்காது, சரி. போனாலும் எப்படிப் புரியாமல் போகும்?

ஜப்பானிய மொழியில் போனேன் என்பதற்கும் சொன்னேன் என்பதற்கும் ஒரே ஒலி. இரண்டுமே இத்தாதான். எழுதினால் வேறு வேறு எழுத்து. காதுக்கு ஒன்றுதான். முதல் வருட மாணவிக்குத் தெரிந்த விஷயம். பத்தொன்பது வருடமாக இதில் சோறு தின்கிற எனக்குத் தெரியாததா? கதவு, நடை, ஜெபராஜ் என்று எல்லாம் கண் முன்னால் இருந்ததால் ஒலியைக் கேட்டதும் ‘போனேன்’ என்று எடுத்துக்கொண்டேன். இன்னொன்றை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அவர் போனாலும் பயனில்லை என்று சொல்லவே இல்லை. சொன்னாலும் உங்களுக்குப் புரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இருபது தரம், மூன்று வாரமாக.

கேட்டருகே நின்றபடியே சென்னை வகுப்பறையின் கதவோரம் நின்ற பெண் ஞாபகத்துக்கு வந்தாள். இதைச் சொல்கிறவள் இன்னும் அதைச் செய்யவில்லை என்றாளே. அப்படியானால் சொன்னாலும் பயனில்லை என்கிற மனிதர் இன்னும் சொல்லவில்லை. அவரிடம் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

திரும்பி ஓடினேன். செருப்பைக் கழற்றாமல் முன்னறைக்குள் போய்விட்டேன். டீச்சர் பதறி எழுந்தார்.

அண்ணன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, “சங்கரு சான், எதை? எதைச் சொன்னாலும் புரியாது?” என்று கேட்டேன்.

அவர் உதடு கோணியது. சொல்லைத் தேடுகிறார், கிடைக்கவில்லை, விடவுமில்லை. இடது கையை மெதுவாகத் தூக்கி, மூக்குக்கு நேராக, முகத்தைச் செங்குத்தாக இரண்டாக வகுப்பதுபோல் ஒரு கோடு இழுத்தார்.

“ஹன்பூன்,” என்றார். பாதி.

“பாதி?”

“ஹன்பூன்… மியென்.”

பாதி தெரியவில்லை.

நான் அதைத் தமிழில் சொன்னதும் டீச்சர் அடுக்களை மேடையில் மிச்சம் வைத்திருந்த இட்லித் தட்டை எடுத்துவந்தார். அண்ணன் மடியில் வைத்தார். தட்டை அரை வட்டம் திருப்பினார். வலப்பக்கம் கிடந்த எள்ளுப்பொடி இடப்பக்கம் வந்தது.

அண்ணன் எள்ளுப்பொடியைப் பார்த்தார். இட்லியைப் பிட்டு அதில் தோய்த்து வாயில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். எனக்கோ வெட்கத்தில் காது சுட்டது. கண் தெரியாத பக்கமாக ஒரு மனிதரை இழுத்துக்கொண்டுபோய் நிலையில் முட்டவிட்டு, மனசு விடாதே என்று அவருடைய பாஷையிலேயே புத்தி சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மாவின் விரல்

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா அண்ணனுக்கு எதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்துகொண்டார்.

“என் மூக்கையே பாக்கச் சொல்லுங்க. பக்கத்துல இருந்து என் விரல் வரும். தெரிஞ்ச உடனே கையத் தூக்கணும்னு சொல்லுங்க,” என்றார்.

சொன்னேன். இடப்பக்கமிருந்து விரல் வந்தபோது, அது காதுக்கு நேராக வரும் முன்பே அண்ணனின் கை உயர்ந்துவிட்டது. வலப்பக்கமிருந்து வந்தது. காதைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது, கண்ணுக்கு நேராக வந்தது. கை அசையவில்லை. மூக்கு நுனிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அவர் திடுக்கிட்டுக் கையைத் தூக்கினார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தார்கள். அப்போதும் அதேதான்.

“கண்ணுல ஒரு குறையும் இல்ல. கண் அனுப்புறத வாங்கிப் பாக்குற எடத்துல அடி விழுந்திருக்கு,” என்றார் டாக்டரம்மா. “பேச முடியாதவங்ககிட்ட இதக் கேட்டு வாங்குறது கஷ்டம். அவங்களாச் சொன்னாத்தான் உண்டு. எப்படிச் சொன்னார்?”

நான் எப்படி அதை விளக்குவது? ஒரு வினைமுற்றையும் வேற்றுமை உருபையும் வைத்துக்கொண்டு டாக்டருக்கு வகுப்பா எடுக்க முடியும்? “சொன்னாலும் புரியாதுன்னு சொன்னாவ. அதுலேருந்துதான்,” என்றேன். அவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

அப்புறம் தலையைத் தூக்கி, “அந்தப் பொண்ணு யாரு?” என்றார்.

அபிராமி சக்கர நாற்காலிக்கு வலப்பக்கம், சற்றுப் பின்னால் நின்றிருந்தாள். வீட்டில் உட்கார்ந்த பக்கமே இங்கேயும்.

“மகள்,” என்றார் டீச்சர்.

“எப்பவும் அந்தப் பக்கமேதான் நிப்பீங்களா?”

கேள்வியின் பொருள் அபிராமிக்கு மெல்ல உறைப்பது முகத்தில் தெரிந்தது.

“இங்கிட்டு வாங்கம்மா,” என்றார் டாக்டரம்மா.

அவள் நாற்காலிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்தாள். ஆறேழு எட்டுத்தான் இருக்கும். அவ்வளவு தூரம் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. இடப்பக்கம் வந்து, குனிந்து, “அப்பா,” என்றாள்.

அண்ணன் முகம் திறந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. புருவம், கண், கோணிய வாய், எல்லாம் ஒரே நேரத்தில் அவளை நோக்கி எழுந்தன. கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டார்.

“இதா!” என்றார்.

அந்தச் சொல்லைப் பற்றி எனக்கும் டீச்சருக்கும் இன்றுவரை வழக்கு உண்டு. தேடிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்தவுடன் ஜப்பானியர்கள் ‘இதா’ என்றுதான் கூவுவார்கள். ‘இருந்தாயே’ என்று பொருள். இவ்வளவு நேரமும் இங்கேதான் இருந்திருக்கிறாய் என்று இறந்தகாலத்தில் சொல்வார்கள். நான் கேட்டது அதுதான். டீச்சரோ, “அது தமிழு. இதா எம்மவ இருக்காளேன்னு சொன்னாவ. எனக்குத் தெரியாதா எங்க ஊட்டுப் பேச்சு?” என்பார்.

எது சரி என்று தெரியாது. இரண்டு மொழிகள் அந்த ஓர் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்ததை நான் என் காதால் கேட்டேன். அபிராமிக்கு அந்த வழக்கில் அக்கறையே கிடையாது. அவள் அந்தக் கையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதி முடிக்கிறவரை விடவே இல்லை.

சிவப்பு ரிப்பன்

அதன்பிறகு அந்த வீடே மாறியது. கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். வலப்பக்கத்து நிலைகளிலெல்லாம் அபிராமி சிவப்பு ரிப்பன் கட்டினாள். ரிப்பன் கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும் என்பது பயிற்சி. தட்டின் வலது விளிம்பில்கூட ஒரு சிவப்பு வளையல் கிடக்கும். ஜெபராஜ் முதல் நாள் வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிருங்க அண்ணாச்சி,” என்றார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

தை மாதத்தில் தமிழ் வரத் தொடங்கியது. முதலில் ‘போதும்’. பிறகு ‘காப்பி’. பிறகு எண்கள். டீச்சர் ஒன்று, இரண்டு என்று தொடங்கினால் அண்ணன் தானாகவே பதினேழு வரை போய் அங்கே வழுக்கி ஜப்பானிய எண்ணுக்குள் விழுவார். ஒற்றைச் சொற்கள்தான். சொற்களைக் கோத்து ஒரு வாக்கியமாக்க வரவில்லை. வராமலேயே போகலாம் என்று டாக்டரம்மா டீச்சரிடம் பைய எடுத்துச் சொல்லியிருந்தார். ஜப்பான் வேலையை எழுதிக்கொடுத்து விட்டுவிட்டார்கள். நான் போவதும் குறைந்தது. பம்பு செட்டுப் புத்தகங்கள் குவிந்துவிட்டன.

பங்குனி வெயில் ஏறிய ஒரு முற்பகல், மேசையில் வேலையாக இருந்தபோது டீச்சர் போன் செய்தார். பேச்சுக்கு முன்னால் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

“என்ன டீச்சர்? அண்ணனுக்கு என்ன?”

“கோமதி… சண்ட போட்டாவ.”

“என்னது?”

“எங்கூடச் சண்ட போட்டாவட்டி! லீவு நாளுன்னு கொல்லையில துணி காயப்போட்டுட்டு வாரேன், கட்டில்ல ஆளக் காணோம். பதறியடிச்சுத் தெருவுக்கு ஓடினா, கம்ப ஊணிக்கிட்டு அவியபாட்டுக்கு முக்குக் கடையில நிக்காவ. ரிப்பன் இல்ல, தொணை இல்ல. ஒத்தையில! எனக்கு வந்துச்சு பாரு கோவம். ‘எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்ன?’ன்னு கத்திட்டேன். கடையில அத்தன பேரு முன்னாடி.”

“அப்புறம்?”

“திரும்பி என்னையப் பாத்து, அப்பிடியே தமிழ்ல, ஒரு சொல்லு வுடாம…” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “‘சொன்னா மட்டும் விட்டுருவியாக்கும்?’னு கேட்டாவ.”

நான் பேனாவைக் கீழே வைத்தேன். இடம் இல்லை, உருபு இல்லை, கதவு வரை நடந்துபோகும் மரியாதை இல்லை. எங்கள் ஊர் நக்கல் மட்டும் இருந்தது. ஆனாலும் தோகோரோதே செய்கிற அதே வேலைதான், சொன்னாலும் பயனில்லை என்பதுதான். அத்தனை மாதமும் உள்ளே எங்கேயோ கிடந்த முதல் முழுத் தமிழ் வாக்கியம் இந்த வடிவத்தில்தான் வெளியே வந்திருக்கிறது. மனித மூளையை எழுதிவைத்தவன் எவனாக இருந்தாலும் அவன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

“நீங்க என்ன சொன்னிய?” என்றேன்.

“நான் என்னத்தச் சொல்ல? ‘விட்டிருக்க மாட்டேன்தான்’னேன். அதுக்கும் ஏதோ திட்டினாவ. வீட்டுக்கு வந்தும் நிப்பாட்டல. அபிகிட்ட எம்மேல பிராது சொல்லுதாவ. இந்தா, நீயே கேளு.”

போனைத் தூக்கிப் பிடித்திருப்பார் போலிருக்கிறது. அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம், அபிராமியின் சிரிப்பு. அதற்கு நடுவில், பாதிச் சொல் வழுக்கி, பாதிச் சொல் தடுக்கி, நின்று, மூச்சுவாங்கி, மறுபடி எழுந்து, ஒரு மனிதர் தன் பெண்டாட்டியைப் பற்றித் தன் மகளிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.